காத்தாயி வீட்டைச் சுற்றி நாலடி

எங்கள் நெட்டித்திடலுக்கு வந்து சேரும்போது காவிரிக்குத் தன் பேரே மறந்து போயிருக்கும். பிரிந்து, பிரிந்ததிலிருந்து பிரிந்து, கடைசியில் ஓர் ஆள் தாவிக் கடக்கிற வாய்க்காலாக வந்து என் மதகின் முன்னால் நின்று மூச்சு வாங்கும். நான் அந்த மதகுக்கு லஸ்கர். லஸ்கர் என்றால் பட்டாளத்துக்காரன் என்று நம்பித்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். ஷட்டரை ஏற்றினால் தண்ணீர் போகும், இறக்கினால் நிற்கும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் ஒரு தடவை நான் சாவியைத் தொலைத்துவிட்டு அரை நாள் தேடியதில் வங்காள விரிகுடா இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. அளந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

அம்சம் எங்கள் ஊருக்கு வந்தது எழுபத்திரண்டாம் வருடம் வைகாசியில். வாய்க்கால் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கானல் அப்படி ஓடியது. தூரத்தில் நடக்கிற மாட்டுக்குக் காலே இருக்காது, உடம்பு மட்டும் மிதந்து போகும். அந்தக் கானலுக்குள் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து என் வாய்க்காலின் அடிமண்ணை வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது, கவருமெண்டு மண்ணை வெட்டறது?" என்று அதட்டினேன்.

"கடனாத்தாண்ணே எடுக்கறேன். மழை பெஞ்சா தானா கரைஞ்சு வந்து சேந்துடும்" என்றாள் தலையைத் தூக்காமல்.

திருப்பனந்தாள் பக்கத்துப் பெண். கும்பகோணத்தில் சிற்பம் படித்தவள். கோட்டையில் ஆட்சி மாறி ஐந்து வருடம் ஆகியிருந்தது. முச்சந்திக்கு முச்சந்தி சிமெண்டில் தலைவர்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். சிற்பம் தெரிந்தவர்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சம் கிடையாது. அம்சத்தையும் கூப்பிட்டார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கையைத் தூக்கி விரலை நீட்டுகிற சிலை செய்ய மாட்டாளாம். அதோடு கூப்பிடுவது நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாக அவள் செய்ததைக் கேளுங்கள். திருவாரூர்த் தேரின்போது நாற்சந்தியில் களிமண்ணால் ஒரு போலீஸ்காரரைச் செய்து நிறுத்தியிருக்கிறாள். கையெல்லாம் நீட்டவில்லை. இடுப்பில் கைவைத்து, 'இவ்வளவு கூட்டமா' என்று சலித்துக்கொண்டு நிற்கிற போலீஸ்காரர். மூன்று நாள் பஸ்காரர்கள் அவரைக் கேட்டுத்தான் திரும்பினார்கள். ஒரு லாரிக்காரர் அவரிடம் மாமூல் கொடுத்து ரசீது கேட்டுச் சண்டை போட்டதாகவும் சொல்வார்கள். பேராவூரணி சாலையில் ஒரு நிறுத்தத்தில் குடையோடு ஒரு மண் கிழவரை உட்கார வைத்தாள். கண்டக்டர்கள் விசில் கொடுத்துவிட்டு, "ஏறுங்க பெரியவரே" என்று காத்திருந்ததில் அந்தத் தடத்துப் பஸ்கள் இன்றுவரை தாமதமாகத்தான் ஓடுகின்றன.

"இதெல்லாம் என்னாத்துக்கும்மா?" என்றேன்.

"ஒரு எடத்துல ஆளு இருந்தா அந்த எடம் எப்படி மாறுதுன்னு பாக்கறதுக்குண்ணே. அவ்ளோதான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் பேசும்போது பிசைகிற மண் பூனையாகிவிடும், பேச்சு முடியும்போது மறுபடி மண்ணாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே எதற்கும் சரி சொல்லிவிடலாம்.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் அப்போது காத்தாயி குடியிருந்தாள். குடியிருந்தாள் என்றால் இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு முறம், ஒரு விளக்குமாறு. பண்ணை வேலைக்காரி. எங்கள் சனம், எனக்கு அக்கா முறை. பதினெட்டு நாள் முன்புவரை அவளுக்கு வாய்க்கால் ஓரமாக, தெருவை விட்டுத் தள்ளி, தனி வீடு ஒன்று இருந்தது. அது போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் வருடா வருடம் கோடையில் பண்ணையிலிருந்து ஆள் வந்து, "கூரையைப் பிரிச்சுப் போடுங்க, புது வைக்கோலு தர்றோம்" என்பார்கள். நாங்களும் பிரித்துப் போடுவோம். மாலைக்குள் வைக்கோல் வந்துவிடும். நூறு வருடமாக அப்படித்தான். அந்த வருடமும் பண்ணைக் காரியக்காரர் நடராசன் வந்து சொன்னார். காத்தாயி பாட்டுப் பாடிக்கொண்டே கூரையைப் பிரித்தாள். பழைய கழிகளை, "புதுசு தர்றோம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு வைக்கோல் வரவில்லை. இரண்டு சோடி மாடும் பரம்புப் பலகையும் வந்தன. மழையில் கரைந்து பாதியாக இருந்த மண்சுவர் வெயில் சாய்வதற்குள் தரையோடு தரை. இது என்ன என்று கேட்டதற்கு நடராசன், "இது எப்பவும் பண்ணைக் களந்தான" என்றார்.

காரணம் இருந்தது. பண்ணை மனையில் யார் குடியிருக்கிறார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. கூலி நெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு சங்கத்தார் போன ஊர்வலத்தில் காத்தாயியின் குரல்தான் உரக்கக் கேட்டது என்பது இன்னொரு காரணம். முதலில் அவள் வீடு. அது நின்றால் தெருவில் இருக்கிற முப்பது வீடும் நிற்கும். அது களமாகிவிட்டால் அடுத்த கோடையில் ஒவ்வொரு கூரையாகப் பிரியும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், 'அந்த இடம் எக்காலத்தும் நெல் அடிக்கிற களமே' என்ற காகிதத்தில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் பண்ணையில் வேலை செய்கிறவர்கள், வேறென்ன செய்வார்கள்.

நான் பண்ணையில் வேலை செய்யவில்லை. நான் கவருமெண்டு ஆள். முப்பத்தொன்பதாவது கையெழுத்து என்னுடையது. வேலை நிரந்தரமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பண்ணையாருக்கு எங்கள் இஞ்சினீயர் மாமன் முறை.

காத்தாயியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுப் பேரும் எழுதினியா ரெத்தினம்?"

"எழுதினேன்க்கா."

"ம். ஒனக்குக் கையெழுத்து நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு சட்டியில் கூழ் ஊற்றினாள். அந்தக் கூழ் என் தொண்டையில் இறங்க பதினாறு நாள் ஆனது. அது வீட்டு மனையா களமா என்று விசாரிக்கத் தாசில்தார் வர இருந்ததும் பதினாறாவது நாள்தான்.

அம்சம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஒரு கோழி பிடித்தாள். மண்ணில்தான்.

"அந்த எடத்துல திருப்பி ஒரு குடிசை போட்டா என்னக்கா?"

"போட்டேன் தாயி. ராவோட ராவா நாலு கழி நட்டேன். பண்ணை எடத்துல அத்துமீறி நொழைஞ்சேன்னு போலீஸு வந்து கழியையும் புடுங்கிக்கிட்டு, என்னையும் ஒரு நா ஒக்கார வெச்சுட்டாங்க."

"வீடு கட்டுனா கேஸு. சரி. பொம்மை வெச்சா என்ன கேஸு?"

காத்தாயி என்னைப் பார்த்தாள். நான் வாய்க்காலைப் பார்த்தேன். அப்படி ஒரு சட்டம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அம்சம் காத்தாயியை அந்த வெற்றிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள நடங்கக்கா" என்றாள். காத்தாயி கண்ணை மூடினாள். இரண்டடி வைத்தாள், நின்றாள், வலப்பக்கம் திரும்பினாள். "இதான் வாசலு. இதுல அடுப்பு. இந்த மூலையில நெல்லுக் குதிரு, பாதிதான் ரொம்பும். இதுல அவரு சாஞ்சு ஒக்காருவாரு." அவர் என்றது அவள் புருசன் இளையபெருமாள், மூன்று வருடம் முன்பு களை பறிக்கையில் பாம்பு தீண்டிப் போனவர். அவள் நடக்க நடக்க அம்சம் பின்னாலேயே தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டு போனாள். வெயில் ஏறியது. கண்ணை மூடியபடி காத்தாயி அந்த வெட்டவெளியில் குனிந்தாள், எட்டினாள், எதையோ எடுத்து உதறி மறுபடி மாட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெற்றியில் நிழல் பட்டது போல இருந்தது. அண்ணாந்து பார்த்தால் ஆகாயத்தில் ஒரு மேகமும் இல்லை.

எட்டு நாளில் முடித்தாள். என் வாய்க்கால் மண், பதர், பண்ணை வரப்பில் சிந்திய வைக்கோல். அடுப்பு முன்னால் குந்தி ஊதுகிற காத்தாயி. வாசலில் முன்னங்காலில் தலைவைத்துப் படுத்த நாய். ஒற்றைக் காலில் நின்று யோசிக்கிற கோழி. அப்புறம் இளையபெருமாள், இல்லாத சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி, வெற்றிலை மடிக்கிறார். முதுகுக்குள் மூங்கில் இருப்பது எனக்குத் தெரியும், நானே பிளந்து கொடுத்தேன். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அந்த மனிதர் காற்றில் சாய்ந்திருந்தார். அப்படிச் சாய முடியுமென்றால் அங்கே சுவர் இருந்தாக வேண்டும்.

காத்தாயி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தொப்பை போட்டுட்டியே தாயி. அந்த மனுசனுக்கு ஏது தொப்பை?"

"இருக்கட்டும்க்கா. போன எடத்துலயாச்சும் சாப்புட்டிருப்பாருல்ல."

காத்தாயி சிரிக்க ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடித்தாள்.

இனிமேல் நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதிப் பாதி சத்தியம். முதலில் ஆடுகள். தெருவுக்கும் வாய்க்காலுக்கும் குறுக்கு வழி அந்த இடம்தான். வீடு போன நாளிலிருந்து அதற்குள் புகுந்து போன ஆடுகள் அன்றைக்குச் சுற்றிக்கொண்டு போயின. பிறகு நாற்றங்காலுக்குப் போகிற பெண்கள். பேசிக்கொண்டே வந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் வளைந்து போனார்கள். எதற்கு வளைந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. பிறகு வாத்து மேய்க்கிறவர் இருநூறு வாத்தோடு வந்தார். இருநூறும் சுவரோரமாக ஒற்றை வரிசையில் திரும்பின. மூலையில் முட்டிக்கொண்ட ஒரு வாத்துக்கு மண்டை வீங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தபால்காரர் கலந்தர் சைக்கிளை நிறுத்தி, வாசலில் நின்று, "காத்தாயி, சங்கத்து நோட்டீசு!" என்று குரல் கொடுத்தார். காத்தாயி புங்கமரத்தடியிலிருந்து ஓடிவந்து, பின்பக்கமாக நுழைந்து, உள்ளே நடந்து வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள்.

"நேரா வந்து வாங்கக் கூடாதா? நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் கலந்தர்.

"வூட்ல இருந்து வாங்குனாத்தான் வூட்டுக்கு வந்த தபாலு" என்றாள் அவள்.

பொழுது சாய்ந்தால் வாய்க்கால் கரையில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்களும் செங்கொடிக்காரர்களும் டீக்கடையில் முறைத்துக்கொள்கிற ஆட்கள்தான். அங்கே மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்பில் என்ன குழம்பு என்று வாதாடினார்கள். மீன் குழம்பு என்று ஒரு கட்சி, கருவாட்டுக் குழம்பு என்று ஒரு கட்சி. இரண்டு வாசனையும் எனக்கு அடித்தது. உச்சிவெயிலில் காத்தாயி மண் புருசனுக்குப் பக்கத்தில் முந்தானையை விரித்துப் படுத்துத் தூங்கினாள். "சுடலியாக்கா?" என்று கேட்டால், "உள்ள குளுகுளுன்னு இருக்கு. வந்து பாரு" என்றாள். நான் போகவில்லை. முப்பத்தொன்பதாவது கையெழுத்துக்காரன் எந்த முகத்தோடு உள்ளே போவது.

காரியக்காரர் நடராசன் மண்வெட்டியோடு இரண்டு பேரை அனுப்பினார். அவர்கள் வாசல்வரை வந்து நின்றுவிட்டார்கள். அவரே பின்னால் ஓடிவந்தார்.

"என்னடா வேடிக்கை? ஒடைச்சுத் தள்ளுங்கடா!"

"ஆளு வெத்தலை போட ஒக்காந்திருக்கயில எப்புடிங்க உள்ள போறது?"

"மண்ணுடா அது!"

"இளையபெருமாளுங்க அது. எங்களுக்கு மாமன் முறைங்க" என்று தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான் ஒருவன்.

நடராசன் மண்வெட்டியைப் பிடுங்கினார். அவரும் வாசலில் நின்றார். நாய் அவரையே பார்த்தது. மண் நாய்தான், ஆனால் பார்த்தது. "விசாரணை அன்னைக்குத் தாசில்தார் வந்து பொம்மையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவாரு, போங்க" என்று போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எத்தனை வாத்து வளைந்து போனாலும் வாத்து சாட்சி சொல்லுமா?

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. கோடை மழை. எங்கள் பக்கத்தில் மழை வந்தால் எல்லாரும் சிரிப்போம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு துளியும் இளநீர்க் காய் அளவு. நான் ஓலையும் சாக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. எங்கள் கண்ணெதிரே கோழி உட்கார்ந்தது, நாய் படுத்தபடியே பரவியது. காத்தாயியின் முகம் அடுப்பின் மேல் கவிழ்ந்தது. இளையபெருமாள் மட்டும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அவருடைய தொப்பை இறங்கி, மடி இறங்கி, அவரும் ஒரு குவியலாகிவிட்டார். காத்தாயி மழையில் நனைந்துகொண்டே நின்றாள். அம்சம் வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

"எல்லாம் போச்சேம்மா! நாளைக்கு என்னாத்தக் காட்டறது?"

"ஆளுங்கதான போனாங்க. வீடு எங்க போச்சு?" என்றாள் அந்தப் பெண்.

விடிந்ததும் காத்தாயி செய்த முதல் வேலை எந்தப் பெண்ணும் செய்கிற வேலைதான். வீட்டுக்குள் சேறு. அதை வெளியே தள்ள வேண்டும். விளக்குமாற்றை எடுத்தாள். இளையபெருமாளையும் நாயையும் கோழியையும் தன்னையும் சேர்த்துக் கூட்டி நான்கு பக்கமும் வெளியே தள்ளினாள். உள்ளே பழைய தரை தெரிந்தது. பதினைந்து வருடம் சாணி மெழுகி இறுகிய தரை, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனால் இந்தத் தரையைச் சாட்சியாகக் காட்ட முடியாது. நெல் அடிக்கிற களத்துக்கும் அதே சாணிதான், அதே மெழுகல்தான். பண்ணை சொன்ன பொய்க்கு அந்தத் தரைதான் முட்டுக்கொடுத்தது.

அம்சத்துக்கு மண் கோணல்மாணலாகக் கிடந்தால் கை சும்மா இருக்காது. வெளியே தள்ளிய சேற்றை உள்ளங்கையால் தடவித் தடவி, வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் பலகை போல வழவழப்பாக்கினாள். வாசலுக்கு நேரே மட்டும் காத்தாயி ஒரு கல் போட்டுக்கொண்டாள். தெரிந்துதான் செய்தாளா என்று அம்சத்தை நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார் அப்துல் ஜலீல் ஒல்லியான மனிதர், சிரிப்பை வீட்டில் பூட்டிவிட்டு வருகிறவர். கூடவே அளக்கிற சங்கிலி ஆள். பின்னாலேயே காரில் பண்ணையார் தியாகேசன். அவர் ஒரு மாதமாகக் குற்றாலத்தில் இருந்தார். பொம்மைகளைப் பார்த்ததே இல்லை. வெள்ளை வேட்டி, தோல் செருப்பு. ஊரே வாய்க்கால் கரையில் ஏறி நின்றது.

"எங்கம்மா வீடு?" என்றார் தாசில்தார்.

அம்சம் காத்தாயியின் காதில், "போயி அடுப்படியில ஒக்காருங்கக்கா. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். காத்தாயி கல்லில் கால்வைத்து உள்ளே போய், அடுப்பு இருந்த இடத்தில் குந்தி, முறத்தை எடுத்து மடியில் வைத்துப் புடைக்க ஆரம்பித்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை.

தாசில்தார் கல் மேல் தாவி உள்ளே போனார். தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். காகிதத்தை விரித்தார். "நாப்பது பேரு களம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"நான் பொறந்ததுலேந்து இது களந்தான். எங்க தாத்தா காலத்துலயும் களந்தான்" என்றார் பண்ணையார் சாலையில் நின்றபடி.

"சரி. கிழக்கால எல்லைக்கல்லு எதுன்னு வந்து காட்டுங்க."

பண்ணையார் நடந்தார். எல்லைக்கல் நேர் எதிரே இருந்தது. களத்தின் நடுவே போனால் இருபது எட்டு. அவர் சேற்றில் இறங்கி வந்தார். கூரை முனை இருந்த இடத்துக்கு நாலடி முன்னால் அவர் கால் நின்றது. உள்ளே காத்தாயி வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பண்ணையார் வீட்டு ஆட்கள் எங்கள் வீடுகளுக்குள் கால் வைக்கிறதில்லை. எட்ட நின்று குரல் கொடுப்பார்கள், எங்கள் கூரையின் நிழல்கூடப் படாத தூரத்தில். மூளையைக் கேட்டுச் செய்கிறதல்ல, கால் தானாகச் செய்கிற வேலை. அவர் இடப்பக்கம் திரும்பினார். கணுக்காலளவு சேற்றில் செருப்பு பொதக் பொதக்கென்று புதைய, நேராக ஒரு கோடு போல நடந்து, மூலையில் செங்குத்தாகத் திரும்பி, எல்லைக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தார்.

கரையில் யாரோ, "க்கும்" என்றார்கள்.

தாசில்தாரின் பேனா நின்றது. "வாய்க்கால் பக்கத்துக் கல்லு?" என்றார் மெதுவாக.

பண்ணையார் மறுபடி சேற்றில் இறங்கினார். நடராசனுக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, குறுக்க வாங்கய்யா, குறுக்க! உள்ள காஞ்சு கெடக்குய்யா!" என்று பதறினார்.

"எனக்கு வழி தெரியும்யா, வாய மூடு" என்றார் பண்ணையார். இரண்டாவது மூலை திரும்பினார். மூன்றாவது மூலையும் திரும்பினார். வெயிலில் சேறு மினுமினுத்தது. கானல் எழும்பியது. அந்தக் கானலுக்குள் அவர் ஒரு வீட்டின் பின்சுவரோரமாகப் போவது போலவே போனார். பாதி உடம்பை ஏதோ மறைத்தது என்று நான் கோயிலில் சூடம் அணைத்துச் சொல்வேன். சுற்றி முடித்துக் கார் பக்கம் வந்து வேட்டியை உதறினார்.

"நீங்க ஏன் சார் உள்ள வரல?" என்றார் தாசில்தார்.

"ஒரே சேறா இருக்கு."

"சேறு வெளியில. உள்ள பாருங்க, என் செருப்புல ஒரு பொட்டு மண்ணு இல்ல. உங்க களம், உங்க தாத்தா களம். ஒரே ஒரு அடி வெச்சு உள்ள வாங்க. இப்பவே களம்னு எழுதிட்டுப் போறேன்."

அவ்வளவுதான் கேட்டார். ஓர் அடி. பண்ணையார் வாசல் கல்லுக்கு எதிரே வந்து காத்தாயியைப் பார்த்தார். வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? எதிர்க்கரையில் ஒரு கொக்கு வெட்கப்பட்டுத் தன் காலைக் கீழே வைத்துவிட்டது. கடைசியில் பண்ணையார் காலை எடுத்த இடத்திலேயே வைத்து, திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

தாசில்தார் சங்கிலி ஆளைக் கூப்பிட்டு, "அந்தக் கால்தடத்து மேலயே வெச்சு அள" என்றார். இருபத்தாறடிக்கு இருபதடி. காத்தாயி வீடு பதினெட்டுக்குப் பன்னிரண்டுதான். எட்ட நிற்கிற வழக்கம் அவளுக்கு ஒவ்வொரு பக்கமும் நாலடி மனையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டது. 'மேற்படி வீட்டின் நான்கு எல்லைகளும் மிராசுதாராலேயே நேரில் நடந்து காட்டப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தச் சேத்தைப் பூசுனது யாரு?" என்று கேட்டார்.

"நான் பூசுனேன் சார். செதுக்குனது அவருதான்" என்று அம்சம் காரைக் காட்டினாள். விரலை நீட்டி.

எனக்கு வீரம் எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வரும். ஜீப் கிளம்பும்போது ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "சார், முப்பத்தொன்பதாவது பேரை அடிச்சுடுங்க சார்."

"அந்தக் காகிதமே இனிமே செல்லாதுப்பா. அடிச்சு என்ன ஆவப் போவுது?"

"எனக்கு ஆவும் சார்."

அவர் என்னைப் பார்த்தார், பேனாவை என்னிடமே கொடுத்தார். நான் அடித்தேன். அந்த நீலக் கோடு இன்னும் தாலுகா ஆபீசில் எங்கோ இருக்கும். என் கையெழுத்தைவிட அது அழகாக வந்தது.

காத்தாயி இன்னும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "வாங்களேன் எல்லாரும். ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்றாள். கல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தெரு முழுக்க வந்தது. பன்னிரண்டடி வீட்டில் இருநூறு பேர் எப்படிக் கொள்ளும் என்று கேட்காதீர்கள், கொண்டது. நானும் போனேன். நிசமாகவே குளுகுளுவென்றுதான் இருந்தது.

அம்சம் விரலால் தரையில் அளந்துகொண்டே, "சுவரு எழுப்பணும்க்கா. வாசலு எவ்ளோ ஒசரம் வைக்கட்டும்?" என்றாள்.

காத்தாயி முறத்தைக் கீழே வைத்தாள். "பண்ணை வீட்டு வாசல் நெலை எவ்ளோ ஒசரம் இருக்கும் ரெத்தினம்?"

"எட்டு அடி இருக்கும்க்கா."

"அப்ப ஒம்பது வையி தாயி" என்றாள்.